கழித்த கதிரைகள்

அத்தியாயம் 17

போன கிழமை, நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பணிப்பாளரின் புது அறை வாசலில் நின்ற புஸ்பராணி ரீச்சரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு நடந்தது அதிகமில்லை. கால் புதையும் கார்ப்பெட், சுவர் முழுக்கத் தேக்குப் பலகை, சோபா, கண்ணாடி, ஏசிக் குளிர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பள்ளிக்கூடக் கூரைக்குத் தகரம் கேட்டு எழுதிய மூன்றாவது கடிதத்தைக் கொடுத்தாள். "இந்த வருஷம் ஒதுக்கீடு இல்லை, ரீச்சர்" என்ற பதிலை மூன்றாவது முறையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஐந்து நாளாக அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. முப்பது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திய ஞானசேகரத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. புஸ்பராணி சத்தம் போட்டால் அரை மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். பேசாமல் இருக்கிறாள் என்றால் எங்கேயோ இருந்து எழுதுகிறாள் என்று அர்த்தம்.

எழுதித்தான் இருக்கிறாள். மார்கழி இருபத்தெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, வெளியே தூறல். குசினி மேசையில் ஞானசேகரம் பிளேன்ரீக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, ஒரு கொப்பித் தாளோடு எதிர்க் கதிரையில் வந்து இருந்தாள்.

"இஞ்சருங்கோ, இதை ஒருக்காக் கேளுங்கோ. இண்டைக்குப் பத்து மணிக் கூட்டத்தில எழும்பிக் கேக்கப்போறன்."

"வாசியும்."

"முதலாவது. ஒரு அறையைப் புதுசாக்க ஒன்பது லட்சம் செலவழிச்ச கந்தோருக்கு, நூற்றிப்பத்துப் பிள்ளையள் படிக்கிற கொட்டிலுக்குத் தகரம் போட எழுபதாயிரம் இல்லையோ?"

"சரி," என்றார் ஞானசேகரம். உண்மையாகவே சரியான கேள்வி.

"ரெண்டாவது. பழைய கதிரையள் நாற்பத்திரண்டும் பாவிக்க ஏலாது எண்டு கழிச்சுத்தான் புதுத் தளபாடம் வாங்கினது. அந்தக் கதிரையள் இப்ப என்ர பள்ளிக்கூடத்தில இருக்கு. ஒண்டுகூட ஆடேல்லை. நல்ல கதிரையை உடைஞ்சது எண்டு எழுதினது ஆர்?"

பிளேன்ரீ புரையேறியது. புஸ்பராணி எழும்பி வந்து அவருடைய தலையில் தட்டினாள்.

"மெல்லமாக் குடியுங்கோ. ஆரும் பறிக்கப்போறேல்லை."

எழுதியது யார்? அந்தக் கந்தோரின் பிரதம எழுதுவினைஞர் திருவாளர் ஞானசேகரம்தான், வேறு யார்!

விஷயம் இதுதான். அரசாங்கக் கந்தோரில் புதுத் தளபாடம் வாங்குவதென்றால், இருக்கிற பழையது உதவாது என்று மூன்று பேர் பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும். அதைத்தான் கழிப்பது என்பார்கள். ஆவணி மாதம் பணிப்பாளர் கனகசுந்தரம் அவரைக் கூப்பிட்டார். கதிரைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "ஞானம், இதுகளைக் கழிச்சுவிட்டால் உம்மட மனுசியின்ர பள்ளிக்கூடத்துக்கே குடுத்திடலாம். அந்தப் பிள்ளையள் சாக்கிலதானே இருக்குதுகள்?" என்றார்.

அது உண்மை. இலங்கைத்துறைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்த பிள்ளைகள். தவறிப்போன பாடங்களைப் பிடிப்பதற்காக மார்கழி விடுமுறையிலும் வகுப்புக்கு வருகிறவர்கள். ஞானசேகரம் யோசித்துப் பார்த்தார். பணிப்பாளருக்குப் புது அறை, பிள்ளைகளுக்குக் கதிரை, யாருக்கும் நட்டமில்லை. 'கால் கழன்றவை, திருத்திப் பாவிக்க முடியாதவை' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டார். ஞானசேகரம் எழுதினால் பிழை இருக்காது என்று மற்ற இருவரும் கதிரைகளைப் பார்க்காமலே ஒப்பமிட்டார்கள். அவர்கள் இப்போது இடமாற்றம் பெற்று வேறு ஊரில் இருக்கிறார்கள்.

கதிரைகள் போய் இறங்கிய அன்று பின்னேரம் புஸ்பராணி சந்தோஷத்தில் உழுந்து வடை சுட்டாள். அவரும் ஆறு வடை சாப்பிட்டார். வாய் நிறைய வடை இருந்ததால் உண்மையைச் சொல்ல வசதிப்படவில்லை.

இப்போது ஓய்வூதியத்துக்குப் பதினொரு மாதம் இருக்கிறது. பொய் அறிக்கை கொடுத்தார் என்று விசாரணை வந்தால் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தக் கொப்பித் தாளின் இரண்டாவது கேள்விக்கு விடை தன் புருஷன்தான் என்று அறிகிற நேரம் அவள் அவரை எப்படிப் பார்ப்பாள்?

"ரெண்டாவதை விடும் புஸ்பம்," என்றார். "கூரையை மட்டும் கேளும்."

"ஏன்?"

"கதை நீளமாப் போகும்."

"போகட்டும். அவை ரீ குடிச்சு முடிக்கவே ஒரு மணித்தியாலம் எடுப்பினம். எனக்கு ரெண்டு நிமிஷம் தரக்கூடாதோ?"

சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"அக்கா, கேத்தில் சூடா இருக்கோ?" என்று கேட்டபடி சோமசேகரம் உள்ளே வந்தான். புஸ்பராணியின் ஒரே தம்பி. உப்புவெளியில் தளபாடப் பட்டறை வைத்திருக்கிறவன். பணிப்பாளரின் அறைக்குத் தேக்குப் பலகை அடித்ததும், மேசை அலுமாரி செய்ததும் அவனுடைய பட்டறைதான். எல்லாரையும்விட விலை குறைத்துக் கேட்டு எடுத்த வேலை. அதில் அத்தானின் கை ஏதுமில்லை என்பது முந்தின அத்தியாயங்களை வாசித்தவர்களுக்குத் தெரியும்.

"அத்தான், வவுச்சர் இண்டைக்குப் போகுமோ?"

வேலை முடிந்தது என்று ஞானசேகரம் சான்றுப்படுத்தி அனுப்பினால்தான் அவனுக்குக் காசு. வெள்ளிக்கிழமையோடு வருஷம் முடிகிறது. அதற்குள் போகாவிட்டால் ஒதுக்கீடு முழுவதும் திறைசேரிக்குத் திரும்பிவிடும்.

"போகும்," என்றார் ஞானசேகரம்.

புஸ்பராணி தாளைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் நின்றபடி வாசித்தான். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

"அக்கா, உங்களுக்கு என்ன விசரே?"

"என்னடா பிழை அதில?"

"ஒரு பிழையும் இல்லை. ஒரு மாசம் பொறுத்துக் கேளுங்கோ எண்டுதான் சொல்லுறன். ஒன்பது பேருக்குச் சம்பளம் குடுக்கோணும் நான். என்ர காசு கைக்கு வரட்டும். பிறகு தையில போய் நல்லாக் கேளுங்கோ, நானும் வந்து பின்னால நிண்டு கை தட்டுறன்."

"தைக்கு மழை விட்டிடும். பிள்ளையள் நனையிறது இப்ப."

"நான் கள்ளவேலை செய்தனானோ? சொன்ன தேக்குத்தான் போட்டனான். ஒவ்வொரு செக்பொயின்ற்றிலயும் பலகை பலகையா இறக்கி, பலகை பலகையா ஏத்தி, நாரி முறியக் கொண்டுவந்தனான். அந்த அறை தேவையோ இல்லையோ எண்டு கேக்கிறது தச்சன்ர வேலையே?"

"இல்லை. அது ரீச்சர்ர வேலை," என்றாள் புஸ்பராணி. "உன்னில பிழை எண்டு நான் எங்கயாவது எழுதியிருக்கிறனோ? வடிவா வாசி."

சோமசேகரம் உதவிக்கு அத்தானைப் பார்த்தான். அத்தான் கோப்பையின் அடியைப் பார்த்தார்.

கந்தோருக்குச் சைக்கிளில் போகும்போது சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்ற இருபது நிமிஷத்தில், திரும்பிப் போய் அவளிடம் சொல்லிவிடுவோம் என்று நாலு தரம் நினைத்தார். பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றதால் திரும்ப முடியவில்லை என்று தனக்குத்தானே ஒரு சாட்டும் சொல்லிக்கொண்டார்.

கந்தோர் வாசலில் ஆதம்பாவா காத்திருந்தார். கிண்ணியாவிலிருந்து விடிய முதல் படகில் வந்துவிடுகிற பியோன் அவர்.

"ஐயா, பெரியவர் ரெண்டு தரம் உங்களைத் தேடிட்டார்."

புது அறையின் கண்ணாடிக்கு அப்பால் துறைமுகம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கடற்படைப் படகுகள் மழையில் நின்றன. பணிப்பாளர் கனகசுந்தரம் ஏசியையும் போட்டு, குளிருக்குச் சுவெற்றரும் போட்டுக்கொண்டு சுழல் கதிரையில் இருந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ஷெல் விழுந்த நாட்களில் மற்ற அதிகாரிகள் கொழும்புக்கு லீவு எடுத்தபோது கந்தோரைப் பூட்டாமல் வைத்திருந்தவர் அவர்.

"இரும் ஞானம். உம்மட மனுசி இண்டைக்குக் கூட்டத்தில என்னவோ கேக்கப்போறாவாம்?"

"தெரியேல்லை, சேர்."

"கேக்கட்டும். கேக்கிறதில பிழையில்லை. கொழும்பில இருந்து வாறவை, வெளிநாட்டு நிறுவனக்காரர், எல்லாரும் இந்தச் சோபாவில இருந்துதான் எங்களுக்கு உதவி தாறதோ இல்லையோ எண்டு யோசிக்கினம். ஒரு மூலைக்குள்ள இருத்திக் கதைச்சால் அஞ்சு நிமிஷத்தில எழும்பிப் போயிடுவினம். மற்றது, தளபாடத்துக்கு எண்டு வந்த காசை நான் கூரைக்குப் போட ஏலாது. செலவழிக்காட்டில் திரும்பிப் போயிடும். திருகோணமலைக்கு வந்த காசைத் திருப்பி அனுப்பச் சொல்லுறீரோ?"

அவர் சொன்னதில் அரைவாசி சரி என்று ஞானசேகரத்துக்குத் தெரியும். மற்ற அரைவாசியும் தெரியும். இந்தக் காசைக் கட்டட வேலைக்கு மாற்றித் தாருங்கள் என்று புரட்டாதிக்கு முன் ஒரு கடிதம் போயிருந்தால், அநேகமாக மாற்றித் தந்திருப்பார்கள். அந்தக் கடிதத்தை ஒருவரும் எழுதவில்லை. எழுதவேண்டிய பிரதம எழுதுவினைஞர் அந்த நேரம் கதிரை கழித்துக்கொண்டிருந்தார்.

"கதிரைக் கதை வந்தால் உம்மட அறிக்கையை எழும்பி வாசியும், அவ்வளவுதான்," என்றார் பணிப்பாளர். "மத்தியானத்துக்குள்ள வவுச்சரையும் முடிச்சு அனுப்பும். மச்சான் பாவம், பாத்துக்கொண்டிருப்பான்."

கூட்டம் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. அதிபர்மார், கிராம சேவகர்கள் என்று முப்பது பேர். ரீயும் பணிசும் வந்துபோன பிறகு புஸ்பராணி எழும்பினாள். முதலாவது கேள்வியைக் கேட்டாள். பணிப்பாளர் சோபாவையும் திறைசேரியையும் பற்றி அழகாக விளங்கப்படுத்தினார். சிலர் தலையாட்டினார்கள். அவளும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.

பணிப்பாளர் சிரித்தார்.

"அந்த அறிக்கையை எழுதினவர் இஞ்சதான் இருக்கிறார், ரீச்சர். ஞானம், ஒருக்கா வாசியும்."

ஞானசேகரம் எழும்பினார். அறிக்கை இருந்த கோவையைத் திறந்தார். தன்னுடைய கையெழுத்தை வாசிக்க அவருக்கு இவ்வளவு நேரம் எடுத்தது அதுதான் முதல் தடவை.

"கதிரைகள், நாற்பத்திரண்டு. கால் கழன்றவை. திருத்திப் பாவிக்க முடியாதவை."

"ஒப்பமிட்டது?"

"நான்தான், சேர்."

புஸ்பராணி அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. அவள் முகம் வெளிறியது, பிறகு எதையோ வேகமாக யோசித்தது. அந்தப் பதினொரு மாதத்தைத்தான் யோசிக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது.

"அப்ப நான்தான் பிழையா விளங்கியிருக்கிறன் போல," என்றாள். "மன்னிக்கோணும், சேர்."

தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பின்வரிசையில் ஒருவர் மெல்லச் சிரித்தார். "அடுத்த விஷயத்துக்குப் போவம்," என்றார் பணிப்பாளர்.

முப்பது வருஷத்தில் புஸ்பராணி மன்னிப்புக் கேட்டு ஞானசேகரம் கண்டதில்லை. பிழை அவளில் இருந்த நாட்களிலும் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு பிழையும் செய்யாமல், முப்பது பேருக்கு முன்னால், அவருக்காகக் கேட்டிருக்கிறாள். இப்போது பேசாமல் இருந்துவிட்டால் ஓய்வூதியம் பத்திரம், மச்சானின் காசும் பத்திரம். மனுசிதான் சபையில் பொய்க்காரி.

அவர் இருக்கவில்லை.

"சேர், ரீச்சர் சொன்னதுதான் சரி," என்றார். "கதிரையள் நல்லது. நல்லது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் நான் கழிச்சனான். புதுசு வாங்கிறதுக்கு வழிவிடத்தான் கழிச்சது. காசைக் கூரைக்கு மாத்தித் தாங்கோ எண்டு கேட்டு எழுதியிருக்கலாம். ஆரும் எழுதேல்லை. நானும் எழுதேல்லை."

கிண்ணியாப் பக்கத்து அதிபர் கலீலுர் றஹ்மான் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"எங்கட ஸ்கூலுக்கும் ஒதுக்கீடு இல்லையெண்டுதானே சேர் கடிதம் வந்த? அதையும் ஒருக்காப் பார்க்க ஏலுமா?"

பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குரல் உயரவே இல்லை.

"நல்லது ஞானம். அப்பிடியெண்டால் அந்த அறிக்கை செல்லாது. நல்ல கதிரை அரசாங்கச் சொத்து. அதை வெளியில குடுத்தது பிழை. நாற்பத்திரண்டையும் திருப்பி எடுக்கவேண்டியதுதான். உம்மட விளக்கத்தை எழுத்தில தாரும்."

இதை ஞானசேகரம் எதிர்பார்க்கவில்லை. சட்டப்படி அதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

கூட்டம் முடிந்து, ஞானசேகரம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தபின் இரண்டு பேரும் ஒன்றாக வெளிக்கிட்டார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். அவள் முன்னால் வேகமாக நடந்தாள். சந்தையடியும் தாண்டியாயிற்று.

"நாலு மாசம்," என்றாள், திரும்பாமலே. "நாலு மாசமா வாய் திறக்கேல்லை நீங்கள்."

"உமக்குக் கதிரை வேணும் எண்டுதான்..."

"நான் கேட்டது கதிரை. பொய் கேக்கேல்லை."

"ஓம்."

"காலமை வாசிச்சுக் காட்டினனானே. அப்பவாவது சொல்லியிருக்கலாமெல்லே? ஊருக்கு முன்னால என்ர புருஷனை நானே பிடிச்சுக் குடுத்தமாதிரி ஆக்கிப்போட்டியள்."

"பயந்திட்டன், புஸ்பம்."

"பிறகு என்னத்துக்கு எழும்பிச் சொன்னனீங்கள்? நான்தான் பேசாமல் இருந்திட்டனே."

"நீர் மன்னிப்புக் கேட்டுப்போட்டு இருந்ததைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல்தான்."

புஸ்பராணி நடையைக் குறைத்தாள். அவருக்குச் சைக்கிளோடு அவள் பக்கத்தில் வர முடிந்தது.

வீட்டுப் படலையில் சோமசேகரம் மழையில் நனைந்தபடி நின்றான். காலையில் வாய் ஓயாமல் கதைத்தவன், இப்போது அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு கடுதாசித் துண்டை நீட்டினான்.

"ஆதம்பாவா கொண்டுவந்து தந்திட்டுப் போறார். வவுச்சரை அத்தானுக்குப் பதிலாப் பிரதிப் பணிப்பாளர் பாத்து அனுப்புவாராம். ஆனால் நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு என்ர லொறியில உங்கட பள்ளிக்கூடத்துக் கதிரையளை ஏத்திக்கொண்டுவந்து கந்தோரில இறக்கோணுமாம். இறக்கினாப்பிறகுதான் வவுச்சர் போகுமாம்."

ஞானசேகரம் துண்டை வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் எழுதியிருந்தது.

"அக்கா, நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்லுங்கோ. ஏலாது எண்டு சொன்னால் அந்த ஒன்பது குடும்பமும் வருஷப்பிறப்புக்கு..." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். "நீங்கள் வேண்டாம் எண்டால் நான் போகேல்லை."

புஸ்பராணி சேலைத் தலைப்பைப் பிழிந்து உதறினாள்.

"கொண்டு வா," என்றாள்.

"என்ன?"

"லொறியைக் கொண்டு வா. உன்ர ஆக்களின்ர சம்பளத்தை நான் மறிக்கமாட்டன். ஆனால் எட்டு மணிக்கு வராதை. எட்டரைக்கு வா. பிள்ளையள் வந்து கதிரையில இருந்தாப்பிறகு வா. எழும்புங்கோ எண்டு நீயே அதுகளுக்குச் சொல்லிப்போட்டு எடு."

சோமசேகரம் தலையை ஆட்டினான். ஓம் என்றில்லை.

"அதுமட்டும் என்னால ஏலாது, அக்கா."

ஞானசேகரம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு அவர்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"அவன் சொல்லத் தேவையில்லை. நானும் லொறியில வாறன். நான் சொல்லுறன்."

"நீங்களோ?" என்றாள் புஸ்பராணி.

"எழும்பச் சொன்னால், ஏன் எண்டு கேக்குங்கள் பிள்ளையள். உடைஞ்சது எண்டு எழுதின ஆள்தான் அதுக்குப் பதில் சொல்லோணும்."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். மண்டபத்தில் பார்த்த பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். அந்தக் கதிரைகளில் இருக்கப்போகும் நாற்பத்திரண்டு பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று ஞானசேகரம் இனித்தான் யோசிக்கவேண்டும். விடிந்து எட்டரை மணி ஆகும்வரை அவருக்கு நேரம் இருந்தது.